மேடைக்கு முன்னால் மட்டும் நிற்காதீங்க

போன இதழில், தைவானின் தைபே நகரில் 2024 மார்ச்சில் நடந்த வேர்ட்கேம்ப் ஆசியா மாநாட்டுக்குத் தன்னார்வப் போட்டோகிராபராகப் போய் வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். இணையதளங்களைக் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்குகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இடம் அது. கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதப் பகுதி முழுக்க அதற்கே.

அக்கா, ஃப்ளைட் நம்ம காசு, விசா நம்ம காசு, கேமராவும் நம்மளது. மூணு நாள் கால் கடுக்க நின்னு எடுத்த படத்தை இனாமாக் குடுத்துட்டு வர்றதுல என்னங்க லாபம்? நான் ஞாயித்துக்கிழமை ஒரு பிறந்தநாள் ஆர்டர் எடுத்தாலே நாலு காசு பாக்கறேன்.
– திருப்பூர் வாசகர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்

தம்பி, கேள்வி நியாயமானது. தன்னார்வலருக்கு மாநாட்டு நுழைவுச்சீட்டு இலவசம். பந்தியில் சாப்பாடு உண்டு. ஒரு டீ-சர்ட் கொடுப்பார்கள். போக வர, தங்க எல்லாம் நம் கையிலிருந்துதான். வருமானத்தை நினைத்துப் போவதானால் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆர்டரை விட்டுவிடாதீர்கள்.

நான் போன காரணம் வேறு. என் ஸ்டுடியோவின் இணையதளம் வேர்ட்பிரஸில்தான் ஓடுகிறது. கோபிக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆர்டர் வருவது அதைப் பார்த்துத்தான். அந்த மென்பொருளுக்கு நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. 2003-ல் தொடங்கி, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ராத்திரியும் விடுமுறையும் உட்கார்ந்து எழுதியது அது. உலகத்து இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. எனக்கு நிரல் எழுத வராது. படம் எடுக்க வரும். என்னால் முடிந்ததை நான் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் படம் யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் பாருங்கள். அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு நிதி கேட்டுப் போகிறவர்கள் இந்த ஆண்டுப் படங்களைத்தான் காட்டுவார்கள். பேச வந்தவர்களில் பாதிப் பேரிடம் வேலை செய்கிற கோலத்தில் ஒரு நல்ல படம்கூட இருக்காது. பாஸ்போர்ட் சைஸ் இருக்கும், கல்யாணத்தில் எடுத்தது இருக்கும். மைக் முன்னால் நின்று, தான் கட்டிய ஒன்றை விளக்குகிற படம் இருக்காது. அதை எடுத்துக் கையில் கொடுக்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்தால் நீங்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

என்கிட்ட இருக்கறதெல்லாம் பண்ணாரி குண்டம், பாரியூர் தேர், சொந்தக்காரங்க கல்யாணம். இதையெல்லாம் காட்டினா வெளிநாட்டு மாநாட்டுல எடுத்துக்குவாங்களா? யாரைக் கேக்கறது?
– ஈரோட்டுக் கல்லூரி மாணவி

எடுத்துக்கொள்வார்கள் கண்ணு. குண்டத்தில் நெருப்புக்கு எதிரே, விடியாத நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கிற ஆளைத் தெளிவாக எடுத்திருக்கிறாய் என்றால் அரையிருட்டு அரங்கத்தில் நிற்கிற பேச்சாளர் உனக்குப் பெரிய விஷயம் கிடையாது. ஆனால் அனுப்பும்போது தேர்ந்தெடுத்து அனுப்பு. பதினைந்து படம் போதும். அதில் கட்டடத்துக்குள் குறைந்த வெளிச்சத்தில் எடுத்தது சில, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தது சில, பெரிய கூட்டம் ஒன்று, இரண்டு பேர் தம்மை மறந்து பேசிக்கொள்வது ஒன்று இருக்கட்டும். தேர் முழுக்க வரும் அகலப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலான மாநாடுகள் சில மாதங்களுக்கு முன்பே தங்கள் தளத்தில் தன்னார்வலர் விண்ணப்பத்தைத் திறக்கும். அதில் போட்டோ என்று ஒரு பிரிவு இருக்கும். சிலவற்றில் இருக்காது, அப்போது ஒருங்கிணைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்கலாம். பிரஸ்ஸல்ஸில் குளிர்காலத்தில் ஒரு வார இறுதி முழுக்க நடக்கும், கட்டற்ற மென்பொருளுக்கான ஃபோஸ்டெம் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. பல்கலைக்கழக வளாகத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நடத்துகிறவர்களும் தன்னார்வலர்களே.

செலவுக்கு வழியில்லை என்று தயங்காதே. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் நடத்தும் மாநாட்டுக்கு வருகிறவர்கள் பயணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றுக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். விக்கிப்பீடியாக்காரர்கள் கூடும் விக்கிமேனியாவுக்கும் உதவித்தொகை உண்டு. இரண்டிலும் நீ ஏற்கெனவே அந்தச் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறாய் என்று பார்ப்பார்கள். அதனால் இன்றைக்கே, விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் உன் பாரியூர் தேரை ஏற்று. பவானி ஜமக்காளம் நெய்கிற தறி, சென்னிமலைக் கைத்தறி, ஈரோட்டு மஞ்சள் மண்டி ஏலம் இவற்றுக்கெல்லாம் நல்ல படங்கள் இன்னும் வேண்டும்.

முதல் அடியே வெளிநாட்டில் வைக்க வேண்டும் என்றும் இல்லை. 2023 செப்டம்பரில் டெபியன் மாநாடு கொச்சியில் நடந்தது. கோயமுத்தூரில் ரயில் ஏறினால் சில மணி நேரம்தான். 2026 வேர்ட்கேம்ப் ஆசியாவுக்கு மும்பையைத் தேர்ந்தெடுத்தார்கள். கோவையிலேயே இந்த மாதிரி மென்பொருள் சமூகங்களின் சந்திப்புகள் நடக்கின்றன. அங்கே போய்ப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் எடுத்துப் பழகு. பத்துப் பேர் இருக்கும் அறையில் உயிருள்ள படம் எடுப்பது ஆயிரம் பேர் அரங்கத்தைவிடக் கஷ்டம்.

இன்னொன்று. நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் எப்போது, மங்கள வாழ்த்து எப்போது என்று தெரியாமல் போகிற போட்டோக்காரருக்கு ஆல்பம் தேறாது. அதனால்தான் முகூர்த்தத்துக்கு முன்பே, சடங்குகளை முன்னின்று நடத்தும் அருமைக்காரரிடம் போய் நின்று, அடுத்தது என்னங்க என்று கேட்டுக்கொள்கிறோம். மாநாட்டில் அருமைக்காரர் என்றால் மேடை மேலாளர். காலையில் முதல் வேலையாக அவரைப் பிடித்துவிடு. எந்தப் பேச்சாளர் மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடப்பார், யார் கடைசியில் தன் குழுவை மேடைக்கு அழைப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பொள்ளாச்சியில இருந்து எழுதறேனுங்க. என்கிட்ட ஒரு கிராப் சென்சார் பாடி, 50 எம்.எம். லென்ஸ் ஒண்ணு, கிட் லென்ஸ் ஒண்ணு இருக்கு. இது போதுமா? உள்ளரங்கத்துல எடுத்தா படத்துல கோடு கோடா விழுகுது, அதுக்கு என்ன பண்றது?

உங்கள் 50 எம்.எம். நல்ல லென்ஸ். சின்ன சென்சார் உள்ள கிராப் பாடியில் அது கிட்டத்தட்ட 75 எம்.எம். பார்வை தரும், வரவேற்பறையில், நடைபாதையில், சாப்பாட்டு இடத்தில் முகங்களுக்கு அதற்கு மேல் வேண்டாம். மேடைக்கு மட்டும் 70–200 எம்.எம். ஜூம் லென்ஸ், எஃப் 2.8 கிடைத்தால் நிம்மதி. புதிதாக வாங்க வேண்டாம். கோவையில் நாள் வாடகைக்கே கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் 85 எம்.எம்., எஃப் 1.8 வைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள்.

கோடு விழுவதற்குக் காரணம் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மட்டமான எல்.இ.டி.யும் ட்யூப்லைட்டும் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். அதனால் இங்கே ஷட்டர் வேகத்தை 1/50, 1/100 வைத்தால் தப்பிக்கலாம். தைவானில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். விளக்கு துடிப்பது 120 தடவை. அங்கே 1/60, 1/125 வைக்க வேண்டும். பிலிப்பைன்ஸ், தென்கொரியாவிலும் அப்படித்தான். தாய்லாந்தும் ஐரோப்பாவும் நம்மைப் போல 50. போகிற நாட்டு ஹெர்ட்ஸைக் கிளம்பும் முன்பே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடை விளக்குகள் மட்டும் இந்தக் கணக்குக்கு வராமல் தனியாகத் துடிக்கும். அரங்கம் காலியாக இருக்கும்போதே நாலைந்து ஷட்டர் வேகத்தில் சுட்டுப் பாருங்கள்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் அரங்கத்துக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்றதுதான். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் விளக்குத் துடிப்பு கோடாக விழுவது அதில்தான் அதிகம். கோடு விழுந்தால் சாதா ஷட்டருக்கு மாறிவிட்டு, பேச்சாளர் சிரிக்க வைக்கும்போதோ கைதட்டலின்போதோ எடுங்கள்; சத்தம் யாருக்கும் கேட்காது.

புரொஜெக்டர் இன்னொரு தொல்லை. ஒற்றைச் சிப் டி.எல்.பி. புரொஜெக்டர் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக, கண் பிரித்தறிய முடியாத வேகத்தில் அடுத்தடுத்து அடிக்கிறது. நீங்கள் 1/500 வைத்தால் திரையில் பாதி பச்சையாகவும் பாதி சிவப்பாகவும் வரும். 1/60-க்குக் கீழே இறங்கினால் சரியாகும், ஆனால் பேசுகிறவர் கை அசைந்துவிடும். நான் செய்வது: திரையோடு சேர்த்து எடுக்கிற அகலப் படத்துக்கு மட்டும் வேகத்தைக் குறைப்பேன், மற்ற நேரமெல்லாம் திரையைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு முகத்துக்குப் போய்விடுவேன். சென்சாரின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறுவதற்குப் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக இருக்கிற படம் பயன்படும். ஆடிப்போன படம் பயன்படாது.

ஃப்ளாஷை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அரங்கத்தில் ஒற்றைத் தலைவலிக்காரர், வெளிச்ச மின்னலில் வலிப்பு வருகிறவர் யாராவது இருக்கலாம். பேச்சாளருக்கும் நினைவு அறுந்துபோகும்.

பேச்சின் முதல் ஐந்து நிமிடம் எடுத்த படங்களை நான் பெரும்பாலும் கழித்துவிடுவேன். முகம் இறுகியிருக்கும், கண் குறிப்பில் இருக்கும். நல்ல முகம் கடைசியில், கேள்வி நேரத்தில் வரும். யாரோ ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருப்பார். பேச்சாளர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் தோன்றியதும் புருவம் ஏறும், வாய் இன்னும் திறந்திருக்காது. அந்த நொடிக்காக நான் நாற்பது நிமிடம் காத்திருப்பேன். ஒரு தடவைகூட அது வீண் போனதில்லை.

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆபீஸ் விழாவில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தை என்னைக் கேட்காமலே விளம்பரத்தில் போட்டார்கள். அதை நீக்கச் சொன்னதுக்கு "எல்லோரும் பார்த்தாச்சே" என்று பதில். உங்களைப் போன்ற போட்டோகிராபர்கள் இதையெல்லாம் யோசிக்கிறீர்களா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அம்மிணி, யோசிக்க வேண்டும். இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கேட்டும் நீக்காதது தப்பு. அதில் இரண்டு பேச்சே இல்லை.

நல்ல மாநாடுகளில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. பதிவு மேசையில் கழுத்துப் பட்டையை இரண்டு நிறத்தில் வைத்திருப்பார்கள். ஒரு நிறம் போட்டவரைப் படம் எடுக்கக் கூடாது. சில இடங்களில் அடையாள அட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர். ஏன் எடுக்கக் கூடாது என்று அவரை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. விட்டு விலகி வந்த கணவன் தேடிக்கொண்டிருக்கலாம். தன் நாட்டு அரசாங்கத்துக்குத் தெரியாமல் வந்தவராக இருக்கலாம். வெறுமனே பிடிக்காமலும் இருக்கலாம். அதுவும் போதுமான காரணம்தான்.

பட்டையைப் பார்த்துவிட்டு விலகுவது எளிது. கூட்டப் படத்தில்தான் சிக்கல். பெரிய அரங்கத்தின் பின்னாலிருந்து எடுத்த படத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தில் அந்த நிறப் பட்டை தெரியும். அதனால் நான் ராத்திரி அறையில் உட்கார்ந்து தேர்வு செய்யும்போது ஒவ்வொரு கூட்டப் படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே போவேன். கண் எரியும், ஒரு படத்துக்கே நேரம் பிடிக்கும். பட்டை தெரிந்தால், முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் வெட்டுவேன், வெட்ட முடியாதென்றால் அந்தப் படமே போகும். அது அன்றைய நாளின் சிறந்த படமாக இருந்தாலும் போகும். எல்லோருமாகச் சேர்ந்து நிற்கும் குழுப் படத்துக்கு, எடுக்கும் முன்பே ஒலிபெருக்கியில் சொல்லி, வேண்டாதவர்கள் ஒதுங்க நேரம் கொடுக்க வேண்டும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளை அடையாளம் காட்டுகிற படமும் தனிநபர் தகவல்தான். ஜெர்மனியில் அதற்கு நூறாண்டுக்கு முன்பே வழி செய்துவிட்டார்கள். 1898-ல், ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு இரண்டு போட்டோகிராபர்கள் அவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, சடலத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் விளைவாகத்தான் 1907-ல், ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்ற சட்டம் அங்கே வந்தது. நம் நாட்டிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. உங்கள் மனிதவளத் துறைக்கு எழுத்தில், தேதி போட்டு, படத்தை நீக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

சாப்பிடும்போது யாரையும் எடுக்கக் கூடாது என்பது நான் ஸ்டுடியோப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிற முதல் பாடம். கல்யாணப் பந்தியிலும்கூட.

கேமராவைக் கொண்டு போயிட்டுத் திரும்பி வர்றப்ப கஸ்டம்ஸ்ல வரி கேப்பாங்களா? பேட்டரிய பெட்டியில வெக்கலாமா?
– சத்தியமங்கலம் வாசகர்

போகும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் கேமரா, லென்ஸைக் காட்டி, வரிசை எண்களைக் குறித்து எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் கேள்வி இல்லை. பெட்டியைச் செக்-இன் செய்த பிறகு கேட்டால் காட்டப் பொருள் கையில் இருக்காது; முன்பே போங்கள். பில் நகலும் வைத்திருங்கள்.

உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரி 16 வாட்-மணி அளவில்தான் இருக்கும், 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் சுமார் 74. முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா என்றால் அங்கே பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி பதினைந்து நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அமைப்பாளர்களிடம் அழைப்புக் கடிதம் கேளுங்கள். அதில் சம்பளமில்லாத தன்னார்வப் பணி என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டுக் கழுத்தில் கேமரா, அடையாள அட்டையோடு நிற்காதீர்கள்.

கரூர்ல ஸ்டுடியோ வெச்சிருக்கேன். இனாமா எடுத்த படத்துக்கு உரிமை யாருக்குங்க? எடுத்தவனுக்கா, மாநாடு நடத்தறவங்களுக்கா?

எழுதிக் கொடுக்காத வரை எடுத்தவருக்கே. நம் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நம் தொழிலில் பல பேருக்கு அது தெரியாது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். அதாவது கல்யாண ஆல்பம் கல்யாண வீட்டாருடையது. பணம் வாங்காமல் எடுத்தது அந்த விதிக்குள் வராது. வெளிநாட்டில் அந்தந்த நாட்டுச் சட்டம் வரும் என்பதால், மாநாட்டுக்காரர்கள் கையெழுத்துக் கேட்கும் தாளை முழுக்கப் படித்துவிட்டே போடுங்கள்.

நடைமுறையில் பெரும்பாலான சமூக மாநாடுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சொல்லும். பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்பது ஒரு வகை. எந்த நிபந்தனையும் இல்லை என்பது சி.சி. ஜீரோ. ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உரிமம் எடுத்தவருடைய உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கிறது. படத்தில் இருக்கிற ஆளின் சம்மதம் அதில் அடங்காது. வேர்ட்பிரஸின் சொந்தப் படக் களஞ்சியம் சி.சி. ஜீரோவில்தான் இயங்குகிறது, அதனாலேயே முகம் அடையாளம் தெரியும் படங்களை அது ஏற்பதில்லை. சரியான முடிவு என்பேன். முகம் உள்ள படங்களுக்கு நான் பெயர் குறிப்பிடும் உரிமம்தான் கொடுக்கிறேன்.

அம்மிணி, எம் மக தனியா வெளிநாட்டு மாநாட்டுக்குப் போட்டோ எடுக்கப் போறேங்கறா. அனுப்பலாமுங்களா?
– தாராபுரத்திலிருந்து ஒரு தந்தை

அனுப்புங்க அய்யா. ஒழுங்கான மாநாடுகளுக்கு நடத்தை விதிமுறை என்று எழுதிவைத்த ஆவணம் உண்டு. யாராவது தொந்தரவு கொடுத்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், யார் வந்து பார்ப்பார்கள் என்பது அதில் இருக்கும். அது இல்லாத மாநாட்டுக்கு நான் போவதில்லை. மகளிடம் அதைத் தேடிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தங்குமிடம் அரங்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். கடைசி நிகழ்ச்சி முடிந்து, கார்டில் உள்ள படங்களையெல்லாம் கணினியில் இறக்கிவிட்டுக் கிளம்ப ராத்திரி ஆகிவிடும். இந்தியாவிலிருந்து போகிற மற்ற தன்னார்வலர்களோடு முன்பே பேசி அறையைப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராதுங்க்கா. அதுக்குப் பயந்துதான் விண்ணப்பிக்கல.
– பவானி வாசகி

விண்ணப்பியுங்கள். தைபேயில் எனக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவர்களில் பல பேர் என்னைவிடக் குறைவாகத்தான் ஆங்கிலம் பேசினார்கள். கேமராவைச் சற்று உயர்த்திக் காட்டி, புருவத்தைத் தூக்கினால் கேள்வி புரிந்துவிடும். தலையாட்டினால் எடுங்கள், கை அசைந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். எடுத்ததும் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.

பேச்சு குறைவாக இருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு, அதிகம் கவனிப்பீர்கள். சில மாநாடுகளில் பேசப் பேச வசனம் திரையில் ஓடும், காது கேளாதவர்கள் படிப்பதற்காக. அதை அடிப்பவர் அரங்கத்தின் ஓரத்தில், இருட்டில் உட்கார்ந்திருப்பார். நான் ஒருமுறை அப்படி ஒரு பெண்மணிக்கு அருகே மண்டியிட்டு எடுத்தேன். அந்தச் சுருக்கெழுத்து எந்திரத்தில் பொத்தான்கள் கொஞ்சம்தான். நாலைந்தை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒரு அசை விழும். விரல்கள் துள்ளவே இல்லை, பொத்தானை விட்டு மேலே எழும்பாமல் அப்படியே அமுங்கி அமுங்கி எழுந்தன. கண் மேடையில் இல்லை, தரையில் ஏதோ ஒரு புள்ளியில். மேடையில் யாரோ ஒரு நகைச்சுவை சொல்ல அரங்கமே சிரித்தது. அவர் முகத்தில் அசைவில்லை, அந்தச் சிரிப்பையும் அடித்துக்கொண்டிருந்தார். முதலிலேயே சம்மதம் கேட்டிருந்தேன். இடைவேளையில் படத்தைக் காட்டியபோது, இத்தனை ஆண்டு வேலையில் தன்னை யாரும் எடுத்ததில்லை என்றார். ஒயருக்கு டேப் ஒட்டுகிறவர், தண்ணீர் கேன் தூக்குகிறவர், சைகை மொழிபெயர்ப்பாளர், பதிவு மேசையில் நாள் முழுக்க நிற்கிறவர் எல்லோரையும் எடுங்கள். மாநாடு நடப்பது இவர்களால். மேடையை எடுக்க இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

கல்யாண ஆல்பத்துல செய்யற மாதிரி முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுத்தா சந்தோஷப்படுவாங்கல்ல?
– நாமக்கல், ரீடச் வேலை பார்ப்பவர்

வேண்டாம் தம்பி. மாநாட்டிலும் வேண்டாம், கல்யாணத்திலும் வேண்டாம். 1950-கள் தொட்டு வெகு காலம் கோடாக் நிறுவனம் கலர் பிரிண்ட்டைச் சரிபார்க்க லேபுகளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள அட்டையைத்தான் அனுப்பியது. ஷெர்லி கார்டு என்பார்கள். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். நம் நிறம் அதில் மண்ணாகத்தான் வந்தது. இன்றைய கேமராவில் அந்தத் தடை இல்லை. பின்னால் வெள்ளைத் திரை எரியும்போது ஆட்டோவில் எடுத்தால் முகம் கறுத்துப்போகும். ஒரே இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து எடுத்தால் கன்னத்தின் பளபளப்பு வரை வரும். கறுப்பான முகத்துக்கு வேண்டியது சரியான வெளிச்சம். வெளுப்பு இல்லை. தைபேயில் தமிழ்நாட்டிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்திருந்தவர்கள் தங்கள் நிறத்திலேயே பளிச்சென்று வந்த படத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேடி வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

எடுத்தது ரெண்டாயிரம் இருந்தா எத்தனை குடுக்கறது? எப்பக் குடுக்கறது?
– பெருந்துறை வாசகர்

அன்றைக்கு ராத்திரியே இருபது, முப்பது. சமூக ஊடகம் பார்க்கிற குழு அதற்காகக் காத்திருக்கும். மீதியைத் தேர்ந்து, திருத்தி ஒரு வாரத்துக்குள். பத்தில் ஒன்று கொடுத்தால் தாராளம். கேமரா கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்; தைபே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எல்லாப் போட்டோகிராபர்களும் காலையில் ஒரே செல்போன் கடிகாரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வரிசைப்படுத்துவது சுலபம். கார்டை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் நகல் இருக்க வேண்டும். பேச்சாளர் பெயரை நிகழ்ச்சி நிரலில் உள்ள எழுத்துப்படியே கோப்பில் எழுதுங்கள். தங்கள் பெயரைத் தேடினால் படம் கிடைக்க வேண்டும். தண்ணீர் கேன் தூக்கியவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் பெயர் நிரலில் இருக்காது.